பெலிக்ஸ் வண்டியில் தண்ணீர் வந்த கதை

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் பெலிக்ஸ் டிரைவரைத் தெரியாது என்று யாராவது சொன்னால், அவர் நேற்றுக் குடிவந்தவராகத்தான் இருப்பார். சுற்றுலா வேன் ஓட்டியே தலை நரைத்த மனிதர். வேளாங்கண்ணி, ஊட்டி, மைசூர், கன்னியாகுமரி என்று ஊர் ஊராகச் சனங்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கியவர். அறுபதைத் தாண்டியதும் வேலையை விட்டார். விட்ட மனிதர் அக்கடா என்று வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தாரா? அதுதான் இல்லை. தான் ஓட்டிக்கொண்டிருந்த அதே பழைய வேனை முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து வாசலில் நிறுத்தி, உள்ளே இருந்த சீட்டையெல்லாம் கழற்றிப் போட ஆரம்பித்தார்.

தெரு கூடி வேடிக்கை பார்த்தது. சீட்டு இருந்த இடத்தில் கட்டில் வந்தது. அடுப்பு வைக்க ஒரு மேடையும், பாத்திரம் கழுவ ஒரு தொட்டியும் குழாயும் வந்தன. கட்டிலுக்கு அடியில் தண்ணீர் டேங்க் வந்தது. கடைசியில் பின்பக்கம் தடுப்பு அடித்து, கதவு வைத்து, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு ஒரு குளியலறையும் கக்கூஸும் வந்தபோது தெருக்காரர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் பிராங்கிளின், "என்ன பெலிக்ஸ், வீட்ல எடம் பத்தலையா?" என்று கேட்டே விட்டார். பெலிக்ஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கதவும் தாழ்ப்பாளும் யாருக்காக என்று அவருக்கும் அவர் மனைவி சகாயசெல்விக்கும் தெரியும். அது போதும்.

செல்வி வெளியூர் போகமாட்டாள். ஊர் சுற்றுகிற டிரைவரைக் கட்டிக்கொண்டு ஒரு ஆயுசே கழியப் போகிறது, வடமதுரையைத் தாண்டி அவள் போன ஊர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை பெலிக்ஸ் அவளை வேனில் வேளாங்கண்ணிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தன் சீட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, வழிநெடுக ஒவ்வொரு ஊராகக் காட்டிக்கொண்டே ஓட்டினார். அவளுக்கு எங்கேயாவது ஒதுங்க வேண்டும் போல இருந்தது. வண்டி நிறைய வாடகைக்கு வந்த ஆம்பிளைகள். ரோட்டோரம் மறைவு கிடையாது. புதுப் புருஷனிடம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். அடக்கி அடக்கி, நாகப்பட்டினம் போய்ச் சேருவதற்குள் காய்ச்சல் கண்டு, மாதா முகத்தைப் பார்க்காமலே ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகு, "நீங்க போய்ட்டு வாங்க" என்ற ஒரே பேச்சுதான். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ரூபி வீட்டுக்குப் போவதென்றால்கூட முந்தின நாள் சாயங்காலத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். நாக்கு வறண்டு, உதடு வெடித்து மகள் வீட்டு வாசலில் அவள் இறங்கும்போது பெலிக்ஸுக்குப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், தன் வண்டியில் ஏறின எந்தப் பொம்பிளையையும் அவர் அந்த மாதிரித் தவிக்க விட்டதில்லை. எந்த ஊர் பெட்ரோல் பங்க்கில் கதவு சரியாகச் சாத்தும், எந்த ஓட்டல்காரன் முகம் சுளிக்காமல் சாவி கொடுப்பான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "அண்ணே, செத்த நிறுத்துங்கண்ணே" என்று பின்சீட்டிலிருந்து குரல் வருவதற்கு முன்பே கண்ணாடியில் முகத்தைப் பார்த்து நிறுத்திவிடுவார். ஊரான் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவருக்குக் கட்டினவளுக்கு ஒரு வழி பண்ண முடியவில்லை. அந்த வருத்தம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

வண்டி தயாரானதும் முதல் ஓட்டம் நத்தத்துக்கு. செல்வியின் தங்கை வீடு அங்கேதான். மாம்பழ சீசன் வேறு. செல்வி பயந்துகொண்டேதான் ஏறினாள். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது ரோட்டோரப் புளியந்தோப்பு நிழலில் வண்டியை நிறுத்தி, "முகம் கழுவிட்டு வா, டீ போடுவோம்" என்றார் பெலிக்ஸ். அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கட்டிலுக்கு அடியில் தண்ணீர் பம்ப் படபடவென்று துடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. காதோரமெல்லாம் சோப்பு நுரையோடு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே செல்வி வந்தாள். ஒரு வார்த்தை வைய வேண்டுமே, கிடையாது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வண்டி நல்லாத்தேன் இருக்கு. நான் பஸ்ல வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்து, வந்த பஸ்ஸை நிறுத்தி ஏறிப் போய்விட்டாள். வைதிருந்தால்கூடப் பெலிக்ஸ் தாங்கியிருப்பார். காலி வண்டியைத் திண்டுக்கல் வரைக்கும் தனியாக ஓட்டி வந்தார்.

அந்தப் பம்ப் ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை. தோட்டத்தில் மருந்தடிக்கிறார்களே, முதுகில் மாட்டுகிற பேட்டரி ஸ்பிரேயர், அதற்குள் இருக்கிற சின்ன மோட்டார்தான். வடமதுரையில் ஒரு கடையில் வாங்கிப் பெலிக்ஸே மாட்டினார். குழாயைத் திறந்தால் தானாக ஓடும், மூடினால் தானாக நிற்கும். தண்ணீர் உள்ளே நெருக்குகிற நெருக்கத்தைப் பார்த்துப் போட்டு அணைப்பதற்கு அதன் தலையில் ஒரு குட்டி சுவிட்ச் உண்டு.

செத்துப்போன பம்பைத் துணியில் சுற்றிக்கொண்டு பேகம்பூருக்குப் போனார். அங்கே பேட்டரி, இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கும் கிதர் முகம்மது, பெலிக்ஸோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவர். பிரித்துப் பார்த்த கிதர், "ஏலே, உள்ளுக்குள்ள பூரா உப்புடா. நம்மூரு போர்த் தண்ணிய ஊத்துனா எந்த மிஷினு தாங்கும்?" என்றார். டேங்குக்கும் பம்புக்கும் நடுவே ஒரு வடிகட்டி போட்டார்கள். புது பம்ப் மாட்டினார்கள். கொஞ்ச நாளில் அதுவும் படபடத்து நின்றது. வயரைத் தொட்டுப் பார்த்தால் சுட்டது. "வயரு மெல்லிசு, பேட்டரிலருந்து கரண்டு போய்ச் சேருறதுக்குள்ள செத்துருது" என்று கிதர் மொத்த வயராக மாற்றினார். உறிஞ்சுகிற பக்கத்து டியூபையும் பெரிதாக்கி, மடக்கு இல்லாமல் நேராகப் போட்டார்கள். பம்புக்கு அடியில் ரப்பர் வைத்துச் சத்தத்தையும் அமுக்கினார்கள்.

ஒவ்வொரு தடவையும் கடை வாசலில் வண்டியை நிறுத்திச் சோதித்தும் பார்த்தார்கள். எப்படிச் சோதித்தார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். திண்டுக்கல்காரன் எவனுக்காவது தண்ணீரைத் தரையில் விட மனசு வருமா? குழாய் வாயில் ஒரு டியூபைச் செருகி, அதன் மறுமுனையை டேங்குக்குள்ளேயே விட்டார்கள். ஒரு சொட்டு வீணாகாது. அப்புறம் என்ன, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு இரண்டு பேரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். திரும்பி வரும்வரை பம்ப் அலுங்காமல் குலுங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. "இனி ஒன்னும் செய்யாது, கூட்டிட்டுப் போ மாப்ள" என்றார் கிதர்.

வீட்டுக்கு வந்து பெலிக்ஸ் செல்வியைக் கெஞ்சினார். வேளாங்கண்ணிக்குப் போவோம், கொடியேற்றக் கூட்டம் சேருவதற்கு முன்னால் ஆடியிலேயே போய்விட்டு வருவோம் என்றார். செல்வி பிடி கொடுக்கவில்லை.

"இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா இனிமே உன்னிய கூப்பிடவே மாட்டேன். வண்டிய வித்துர்றேன்" என்றார்.

"சத்தியமாவா?"

"மாதா மேல சத்தியம்."

"அப்ப வாரேன். இது ஒரு தடவதான், சொல்லிப்புட்டேன்" என்றாள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்பது பெலிக்ஸுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இனி ஒரு வாய்ப்புத்தான். அது தவறினால், மிச்சம் இருக்கிற காலமும் அவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் என்று போய்விடும்.

கிளம்புவதற்கு முந்தின வாரம், வண்டிக்குள் பருப்பு டப்பாக்களை அடுக்குவதற்காகச் செல்வி ஏறினாள். பெலிக்ஸ் வெளியே டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அவள் ஒரு டம்ளரைக் கழுவுகிற சத்தம் கேட்டது. கூடவே, பட், பட், பட், பட் என்று பம்ப் துடித்தது. பெலிக்ஸ் டயரை அப்படியே விட்டார். உள்ளே ஏறி அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

குழாயிலிருந்து தண்ணீர் நூல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது. அந்த நூலில் டம்ளரைத் திருப்பித் திருப்பிக் காட்டி, ஒரு கையளவு தண்ணீரில் பளிச்சென்று கழுவி முடித்தாள் செல்வி. இத்தனை வருடமாக அவள் தினமும் செய்கிற வேலைதான். வீட்டில் தினமும் கண் முன்னால் நடக்கிறதுதான். பெலிக்ஸ் இன்றைக்குத்தான் பார்த்தார்.

"குழாய இம்புட்டுத்தேன் தொறப்பியா?"

"பின்ன? தொறந்துவிட்டு வாய்க்கால் பாச்சச் சொல்றீங்களா?"

செல்வி வாய்க்கால் ஊர்க்காரிதான். சித்தையன்கோட்டையில் அவள் பிறந்த வீட்டுக் கொல்லையைத் தொட்டுக்கொண்டு வாய்க்கால் ஓடும். தண்ணீர் இல்லாத ஊருக்கா பெண்ணைக் கொடுக்கிறாய் என்று அவள் அப்பாவிடம் சொந்தக்காரர்கள் கேட்டார்களாம். மேட்டுப்பட்டிக்கு வாழ வந்த புதிதில் ஒருநாள் காலையில், அண்டாவில் நிறைந்திருந்த தண்ணீரை அள்ளி அள்ளி வாசலைக் கழுவிவிட்டாள். அது அந்த வாரம் பூராவும் வீடு குடிக்க வேண்டிய தண்ணீர். பெலிக்ஸின் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், எங்கேயோ கெஞ்சி அரைக்குடம் வாங்கிவந்தார். அன்றைக்கு மூலையில் உட்கார்ந்து அழுதவள்தான் செல்வி. அதற்கப்புறம் எந்தக் குழாயையும் நூல் அளவுக்கு மேல் அவள் கை திறந்ததில்லை.

அந்தக் காலத்தில் தண்ணீர் வருகிற நாள் என்றால் தெருவுக்கே திருவிழா. குழாயடியிலிருந்து தெரு முக்குவரைக்கும் மஞ்சளும் பச்சையும் ஊதாவுமாகக் குடங்கள் வளைந்து வளைந்து நிற்கும். ட்ரிப் முடிந்து வந்த பெலிக்ஸ் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் செல்வியோடு வந்து வரிசையில் நின்றுகொள்வார். வீட்டில் அம்மா, அப்பா, தம்பி, தங்கைகள் என்று ஒரு கூட்டமே இருந்தது. புருஷனும் பொண்டாட்டியும் தனியாக நாலு வார்த்தை பேச அங்கே ஏது இடம்? குடத்துக்குப் பக்கத்தில் நின்றுதான் அவர்கள் பேசிக்கொண்டார்கள். தொட்டபெட்டாவில் மேகம் காலுக்குக் கீழே போனது, மைசூர் அரண்மனையில் ஒரே நேரத்தில் அத்தனை விளக்கும் எரிந்தது என்று போய்வந்த ஊர்க்கதையெல்லாம் அவர் சொல்லுவார். அவள் குடத்தைக் காலால் நகர்த்தி நகர்த்திக்கொண்டே கேட்பாள். குழாய் மெதுவாகச் சொட்டினால் மற்றவர்கள் எல்லாம் முனிசிபாலிட்டியை வைவார்கள். பெலிக்ஸ் மட்டும், இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொட்டட்டும் என்று நினைத்துக்கொள்வார். இப்போது நினைத்தாலும் அந்த நாள் திரும்ப வராதா என்று அவருக்கு ஏங்கும்.

டம்ளர் கழுவினதைப் பார்த்த கையோடு பெலிக்ஸ் நேரே கிதர் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். கிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். பழைய பம்பின் சுவிட்சைத் திறந்து காட்டினார். உள்ளே முனைகள் கருகிக் கிடந்தன. பம்ப் தள்ளுகிற தண்ணீர் நிறைய, வெளியே விழுகிற தண்ணீர் நூல் அளவு. உள்ளே உடனே நெருக்கம் ஏறிவிடும், சுவிட்ச் அணைக்கும். அடுத்த மூச்சில் நெருக்கம் குறையும், மறுபடி போடும். இப்படி ஒரு டம்ளர் கழுவுவதற்குள் எத்தனை தடவை போட்டு அணைத்ததோ, யார் கண்டது. போட்டு அணைத்தே பம்ப் உயிரை விட்டிருக்கிறது.

"நாம டியூப டேங்குக்குள்ள விட்டு முழுசாத் தொறந்து பாத்தோம். அதான் ஒன்னும் தெரியல" என்றார் பெலிக்ஸ்.

"ஏன்டா, எங்க வீட்ல மட்டும் எப்டித் தொறக்குறாங்க? இதே நூலுதான். நானும் அப்டித்தான்" என்று சிரித்தார் கிதர். "சரி விடு. தங்கச்சிட்ட சொல்லு, குழாய முழுசாத் தொறக்கட்டும். முடிஞ்சுது சோலி."

பெலிக்ஸ் அந்தக் கருகின சுவிட்சைக் கையில் வாங்கிப் பார்த்தார். "சொன்னாக் கேப்பா. ஆனா ஒவ்வொரு தடவ தொறக்கும்போதும் அவளுக்கு நெஞ்சு பதறும். தண்ணிய நெனச்சுப் பயந்துக்கிட்டே வர்றதுக்கு அவ வீட்லயே இருந்துறலாம். அவ கைய மாத்த வேணாம்டா. வண்டிய மாத்துவோம்" என்றார்.

கிதர் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து உள்ளே போனார். தண்ணீர் சுத்தம் பண்ணுகிற பழைய மிஷினிலிருந்து கழற்றிப் போட்டிருந்த ஒரு குட்டி இரும்பு உருளையை எடுத்துவந்தார். அதன் வயிற்றுக்குள் ரப்பர் பை. ஒரு பக்கம் காற்று, ஒரு பக்கம் தண்ணீர். பம்ப் ஒரேயடியாக ஓடி இதற்குள் தண்ணீரை நெருக்கி வைத்துவிட்டு நின்றுவிட வேண்டும். அப்புறம் நூலாகத் திறந்தாலும் உள்ளே இருக்கிற காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது இறங்கின பிறகுதான் பம்ப் மறுபடி எழுந்திருக்கும்.

சொல்வதற்கு என்னமோ சுலபம்தான். சைக்கிள் பம்பால் காற்றடித்தார்கள். அதிகமாக அடித்துவிட்டார்கள் போல, தண்ணீர் உள்ளே போகவே மாட்டேன் என்றது. குறைத்தார்கள், பழையபடி படபடத்தது. குழாயைத் திறந்து தண்ணீரையெல்லாம் டேங்குக்குள்ளேயே வடித்துவிட்டு மறுபடி அடித்தார்கள். பெலிக்ஸ் நூல் அளவு திறந்து காதை வைத்துக் கேட்பார், "இன்னுங் கொஞ்சம்" என்பார். கிதர் அடிப்பார். கடைக்கு வந்த ஆட்களெல்லாம் காத்துக் காத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கடைசியில் வெயில் தாழ்கிற நேரத்தில் ஒருவழியாகப் படிந்தது. தண்ணீர் நூலாக விழுந்துகொண்டே இருந்தது, பம்ப் வாயைத் திறக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு தடவை நிதானமாக ஓடிவிட்டு மறுபடி அடங்கியது. இரண்டு கிழவர்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு காலை கிளம்பினார்கள். செல்வி வழக்கம்போலச் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல்தான் வந்திருந்தாள். பெலிக்ஸ் கண்டும் காணாத மாதிரி ஓட்டினார். மணப்பாறை தாண்டியதும், "செத்த நிறுத்துங்க" என்றாள். வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு அவர் கீழே இறங்கி வண்டியின் முன்னால் போய் நின்றுகொண்டார். வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் மைல் எஞ்சின் சத்தத்தைக் கேட்டவர், அந்தச் சின்ன மோட்டாருக்காக அப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் விழுகிற சத்தம் மெல்லிசாக வந்தது. பம்ப் ஒரு தடவை ஓடியது. நின்றது. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. தாழ்ப்பாள் திறந்தது.

செல்வி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவரைப் பார்க்கவில்லை. பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, மடக் மடக்கென்று பாதி பாட்டிலைக் குடித்துவிட்டு, "போலாம்" என்றாள். பெலிக்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. கியரைப் போடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திருச்சி தாண்டிக் கல்லணையில் வண்டியை ஓரங்கட்டினார்கள். வாரக்கணக்காகச் சரியாகத் தூங்காத அலுப்பு. "பத்து நிமிசம் கண்ணசந்துட்டு வாரேன், அப்பறம் ஒன்னொன்னாக் காட்டுறேன்" என்று சொல்லிச் சீட்டிலேயே சாய்ந்தார். விழித்துப் பார்த்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வண்டியில் செல்வி இல்லை. கட்டிலில் இல்லை. குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. பம்ப் நின்றுபோய்க் கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாளா? பதறிப்போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. அப்படியும் மனசு ஆறாமல் கீழே குதித்துச் செருப்பைத் தேடினார்.

தூரத்தில், பாலத்துக் கூட்டத்துக்குள்ளிருந்து செல்வி வந்துகொண்டிருந்தாள். கையில் பொரித்த மீன் பொட்டலம். சேலைக் கரை முழங்கால்வரை நனைந்திருந்தது. இப்படி நிமிர்ந்து, யாரும் கூட இல்லாமல், தெரியாத ஊரில் அவள் நடந்து வருவதை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"என்னிய எழுப்பியிருக்கலாம்ல? நானும் வந்திருப்பேன்ல?" என்றார்.

"நீங்க வந்தா நீங்கதேன் பேசுவீங்க" என்றாள் செல்வி. "அன்னைலருந்து இன்னைவரைக்கும் நீங்க பாத்ததச் சொல்லுவீங்க, நான் கேப்பேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு அழுகையா வரும். ஒங்களுக்கு அது தெரியாது."

குடத்துக்குப் பக்கத்தில் நின்று சொன்ன கதைகள் ஒவ்வொன்றும் பெலிக்ஸுக்கு ஞாபகம் வந்தது. அவள் சந்தோஷமாகக் கேட்டாள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

அவள் படியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் நகர்த்தினாள். "அந்தப் பக்கம் ஷட்டர் பூராத் தொறந்து கெடக்கு. அம்புட்டுத் தண்ணியும் நுரைச்சுக்கிட்டு அதுபாட்டுக்குப் போகுது, கேக்க நாதியில்ல. எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு. கீழ படில எறங்கிக் கால வச்சா, அப்டியே இழுக்குதுங்க. ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு வந்து என் கையப் புடிச்சுக்கிட்டா..." என்று சொல்லிக்கொண்டே போனாள்.

பெலிக்ஸ் அந்தப் படிகளில் நூறு தடவை இறங்கியிருப்பார். அவர் மீனைக்கூடத் தொடாமல் அவள் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.